சீட்டுகள் சேர்த்த செம்மல்

ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லையெனில் நூலகத்திற்குச் சென்று அகராதியைப் புரட்டுகிறோம். பொருளைக் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே முகமறியாத எத்தனை பேருடைய உழைப்பு மறைந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதிக்கு வேண்டிய மேற்கோள்களைத் தேடித் தந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்களே. அவர்களைத் திரட்டி, சோர்ந்துவிடாமல் காத்து, முப்பத்தாறு ஆண்டுகள் வழிநடத்திய பெருமகன் சர் ஜேம்ஸ் மரே ஆவார்.

தையற்காரர் மகன்

ஸ்காட்லாந்தில் டென்ஹோம் என்னும் சிற்றூரில் 1837 பிப்ரவரி 7ஆம் நாள் ஒரு தையற்காரரின் மகனாக மரே பிறந்தார். குடும்பத்தின் வறுமை காரணமாகப் பதினான்காம் வயதிலேயே அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. ஆனால் கல்வி முடியவில்லை. பல மொழிகளைத் தாமே முயன்று கற்றார். பதினேழு வயதில் ஆசிரியரானார்; இருபதில் ஒரு பள்ளிக்குத் தலைவரானார். நோயுற்ற மனைவியின் உடல்நலம் கருதி இலண்டன் சென்று ஒரு வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். எனினும் 1865இல் மனைவியை இழந்தார். 1870இல் மில் ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியப் பணி ஏற்றார். 1873இல் ஸ்காட்லாந்தின் வட்டார வழக்கைப் பற்றி அவர் எழுதிய நூல் அறிஞர்களிடையே அவருக்கு நற்பெயர் தேடித் தந்தது.

எலி குடியிருந்த மூட்டை

புதிய அகராதிக்கான முயற்சியை இலண்டன் மொழிநூற் கழகம் 1857இலேயே தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் எந்த நூற்றாண்டில் தோன்றியது, எவ்வாறு பொருள் மாறியது என்பதை நூல்களிலிருந்து சான்று காட்டி விளக்க வேண்டும் என்பது திட்டம். ஓராயிரம் ஆண்டு இலக்கியத்தை ஒருவர் படித்து முடிக்க இயலுமா? ஆகவே தொண்டர்களை நாடினர். முதற் பதிப்பாசிரியர் கோல்ரிட்ஜ் 1861இல் முப்பது வயதிலேயே மறைந்தார். அடுத்து வந்த பர்னிவால் ஆர்வக் கடல். ஆனால் அவர் ஈடுபட்ட பணிகளோ பல. தொண்டர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுமை அவரிடம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் விலகினர்.

1879இல் பொறுப்பேற்ற மரேயிடம் ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள சீட்டுகள் வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் குஞ்சுகளுடன் குடியிருந்த சுண்டெலி! ஓர் எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியிலிருந்து மீட்கப்பட்டன. வேறொரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரைக் கொட்டிலில் அகப்பட்டது. தொண்டர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் அனுப்பியது என்ன ஆயிற்று என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

இரும்புக் கொட்டகை

பள்ளி அருகே தம் வீட்டுத் தோட்டத்தில் மரே ஓர் இரும்புக் கொட்டகை அமைத்தார். அதில் 1029 சிறு அறைகள் கொண்ட மரத்தட்டுகளைப் பொருத்தினார். 1879 ஏப்ரலில் ஆயிரம் வாசகர்கள் வேண்டும் என்று அழைப்பு ஒன்றை அச்சிட்டு 2000 படிகள் பரப்பினார். வெறும் உணர்ச்சி உரையன்று அது. எந்த நூல்களைப் படிக்க வேண்டும், சீட்டில் சொல்லை எங்கே எழுத வேண்டும், ஆண்டு, ஆசிரியர், பக்கம் ஆகியவற்றை எப்படிக் குறிக்க வேண்டும் என்றெல்லாம் தெளிவாகக் கூறிய வழிகாட்டி அது. ஓய்வு நேரத்தில் யாரும் செய்யக்கூடிய சிறு வேலையாகப் பெரும் பணியைப் பகுத்தளித்தார் மரே. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கானோர் முன்வந்தனர். மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் புதிய மேற்கோள்கள் குவிந்தன. தாமஸ் ஆஸ்டின் என்பவர் ஒருவரே காலப்போக்கில் 1,65,000 மேற்கோள்கள் அனுப்பினார்.

குறைகளும் இருந்தன. வாசகர்கள் அரிய சொற்களைத் தேடிப் பிடித்து அனுப்பினரேயன்றி எளிய சொற்களைக் கண்டுகொள்ளவில்லை. 'அபியூஷன்' என்னும் வழக்கிழந்த சொல்லுக்கு ஐம்பது சான்றுகள் இருக்க, அன்றாடம் வழங்கும் 'அபியூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. இன்ன சொல்லுக்கு இன்ன காலத்துச் சான்று தேவை என்று மரே பட்டியல்கள் வெளியிட்டார். நாள்தோறும் தம் கையாலேயே கடிதங்கள் எழுதினார். உழைத்தவர் பெயர்களை முன்னுரையில் அச்சிட்டு நன்றி கூறினார். 1885இல் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்தபின், அவர் வீட்டு வாயிலிலேயே அஞ்சல் துறையினர் ஒரு தபால் பெட்டி நிறுவினர் என்றால் கடிதப் பெருக்கை ஊகித்துக்கொள்ளலாம். அவருடைய பதினொரு பிள்ளைகளும் சீட்டுகளை அகர வரிசைப்படுத்தி வளர்ந்தவர்களே.

தொண்டர் இருவர்

காசியில் வடமொழிப் பேராசிரியராக விளங்கிய பிட்செட்வர்டு ஹால், பின்னர் அறிஞர் உலகோடு பிணங்கி, இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் தனித்து வாழ்ந்தார். அவர் 1901இல் இறக்கும்வரை நாள்தோறும் பல மணி நேரம் அகராதியின் அச்சுப்படிகளைத் திருத்தி உதவினார். மரேயை அவர் ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை.

மற்றொருவர் மைனர் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். மனநோயால் 1872இல் ஓர் ஏழைத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிராட்மூர் மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். தம் அறையில் நூல்களைக் குவித்து, அகராதிக்கு அவ்வப்போது எந்தச் சொல் தேவையோ அதற்கே சான்று தேடி ஆயிரக்கணக்கில் அனுப்பினார். மரே அவரைத் தேடிச் சென்று கண்டார், நண்பராகவே நடத்தினார். பட்டம் உண்டா, பதவி உண்டா என்று மரே பார்க்கவில்லை. சீட்டில் உள்ளது சரியா என்றே பார்த்தார்.

நிறைவுறா நிறைவு

பத்தாண்டில் முடியும் என்று எண்ணிய பணி, ஐந்தாம் ஆண்டில் முதற் பகுதியை வெளியிட்டபோது 'ஆண்ட்' என்ற சொல்லையே எட்டியிருந்தது. விரைவுபடுத்தச் சொல்லிப் பதிப்பகத்தார் நெருக்கினர். 'பாண்ட்மெயிட்' என்ற சொல்லின் சீட்டுகள் தவறிப்போய், அச்சொல் இன்றியே அகராதி அச்சேறிவிட்டது. அத்தவறு மரேயைப் பெரிதும் வருத்தியது. 1908இல் சர் பட்டம் வந்தது. ஆனால் 'டி' எழுத்தில் உழைத்துக்கொண்டிருந்தபோது 1915 ஜூலை 26 அன்று அவர் மறைந்தார். அகராதி 1928இல் நிறைவெய்தியது. அதில் 4,14,825 சொற்கள், பதினெட்டு இலட்சத்திற்கு மேற்பட்ட மேற்கோள்கள்!

இன்று லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் தொண்டர்களின் உழைப்பையும் நம்பியே வளர்கின்றன. நம் கல்லூரி மன்றங்களிலும் ஆண்டுத் தொடக்கத்தில் பெயர் கொடுப்போர் பலர். ஆண்டிறுதிவரை நிற்போர் சிலர். விலகியவரைக் குறை சொல்வது எளிது. அவருக்கு என்ன வேலை தந்தோம், செய்ததற்கு என்ன மறுமொழி தந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வதுதான் அரிது. பர்னிவாலுக்கும் மரேக்கும் ஆர்வத்தில் வேறுபாடில்லை. வந்த கடிதத்திற்குப் பதில் எழுதியதில்தான் வேறுபாடு. மாணவ நண்பர்களே, தலைமை ஏற்க விழையும் நாம் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.