பார்த்துப் பயின்ற நாவலர்

மாணாக்கர் ஆசிரியர் வாய்ச்சொல்லாற் கற்பவை சில. அவர் செய்யக் கண்டு தாமே கைக்கொள்பவை பல. ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் நாடோறுங் காணும் இவ்வுண்மைக்கு நல்லூர் ஆறுமுக நாவலரின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி நல்லூரிலே பிறந்த நாவலர், தமிழ் கற்றதோடு யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் பயின்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவி புரிந்தார்.

பாதிரிமாரின் சமயத்தை அவர் ஏற்றாரல்லர். ஆயினும் அவர்தம் முயற்சிகளைக் கூர்ந்து நோக்கினார். அவர்கள் மக்களைக் கூட்டி எளிய வசனத்திற் பேசினர், பாடசாலைகள் வைத்தனர், அச்சுப் புத்தகங்களை வழங்கினர். சைவநூல்களோ பெரும்பாலும் ஏட்டுச் சுவடிகளில் அடங்கிக் கிடந்தன.

கண்டவற்றை நாவலர் விரைவிலே செயலாக்கினார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, வேதனந் தந்த மிஷன் உத்தியோகத்தையுந் துறந்தார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். பாலபாடங்களும், 1852இல் பெரியபுராண வசனமும் வெளிவந்தன. ஆங்கில நூல்களிற் பயின்ற நிறுத்தக் குறிகளையும் தமிழ் வசனத்திலே முறையாக வழங்கினார்.

பிறரைப் பார்த்துச் செய்வதெல்லாம் குருட்டுப் பின்பற்றல் ஆகாது. நாவலர் பிறரிடத்திற் பெற்றது வழியை. அவ்வழியிலே கொண்டு சென்றது தம் முன்னோர் தேடிய செல்வத்தை. எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னுந் தெளிவு அவர்க்கிருந்தது.

பார்த்துப் பயின்ற அவரைப் பிறர் பார்த்துப் பயின்றனர். 1879இல் அவர் மறைந்தார். 1888இல் சைவபரிபாலன சபை எழுந்தது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று. நாவலர் கண்டிராத கல்விக்கூடங்களை அவர் செயல் கண்டோர் நிறுவினர்.

பழைய மாணவர்களாகிய அன்பர்கள் பலர் இன்று தந்தையராயும் ஆசிரியராயும் விளங்குகின்றனர். பிள்ளைகள் நம் உபதேசத்தை மறப்பினும் நம் நடையை மறவார். நேரந் தவறாமையும், நூலைப் பேணுதலும், பொதுப்பணிக்குத் தம் நலம் விடுத்தலும் நம்பால் இல்லையாயின், அவற்றை அவர் எங்கே கண்டு பயில்வர்? இக்கேள்விக்கு நம் நடையால் விடையளித்தலே இவ்விழாவை நிறைவு செய்வதாகும்.