மணலில் எழுதப் பழகிய பாதிரியார்

சுங்கை பாக்காப்பில் என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தம் மகனை அழைத்து வந்தார். முதலாம் படிவ மாணவன். ஆறு ஆண்டுகள் சீனப்பள்ளியில் படித்தவன். மாண்டரின், மலாய், ஆங்கிலம் மூன்றும் நன்றாக எழுதுவான். தமிழில் மட்டும் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

அன்று என் வகுப்பில் இருந்தவர்கள் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள். அவர்களோடு பாயில் உட்காரும்படி சொன்னேன். அவன் வாசற்படியிலேயே நின்றான். எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த வயதில் இதுகூடத் தெரியவில்லையா என்று எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டேன். அவன் தலை குனிந்தபடியே அம்மாவோடு போய்விட்டான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் என் பாட்டி சொன்ன ஒருவரின் கதை நினைவுக்கு வந்தது. பாட்டியின் ஊர் தரங்கம்பாடியை அடுத்த பொறையாறு பக்கம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, இங்குள்ள ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். தினமும் திருநீறு பூசுபவர். ஆனால் படித்தது பாதிரிமார் நடத்திய பள்ளியில். தோட்டத்தில் பல பெண்கள் கைநாட்டு வைத்த காலத்தில், பாட்டி தமிழில் கையெழுத்துப் போடுவார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், எங்கள் ஊருக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார், அவரே முதலில் எங்கள் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுதப் படித்தார், பிறகுதான் பள்ளிக்கூடம் வைத்தார் என்பார். பாட்டி ஏதோ நேற்று நடந்ததுபோலச் சொன்ன அந்த நிகழ்ச்சி 300 ஆண்டுகளுக்கு முந்தையது என்பது நான் வளர்ந்த பிறகே தெரிந்தது.

அந்த வெள்ளைக்காரரின் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மாணவர்களே, அவருடைய வாழ்க்கையை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். தாயார் மரணப்படுக்கையில் பிள்ளைகளை அருகே அழைத்து, பைபிளில் உங்களுக்கு ஒரு புதையல் வைத்திருக்கிறேன், தேடிப் பாருங்கள் என்று சொன்னதாகக் கூறுவர். அந்தச் சொல் மகனை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அவருக்கு உடல்நலம் எப்போதும் குறைவு. நோயினால் படிப்பு பலமுறை தடைப்பட்டது. ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் பயின்றார். பிராங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்காகப் பெரிய இல்லமும் பள்ளிகளும் நடத்தியவர். கடவுளின் அன்பு மனிதன் உழைத்துச் சம்பாதிக்கும் கூலி அன்று. தகுதி பாராமல் கொடுக்கப்படும் கொடை. அதைத்தான் கிறிஸ்தவர்கள் கிருபை என்கிறார்கள். அதைப் பெற்றவன் அதே போல மற்றவர்க்குக் கொடுக்க வேண்டும். இளைஞர் சீகன்பால்கு ஹாலேயில் கற்ற பாடத்தின் சாரம் இது.

அந்தச் சமயத்தில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக், தம் ஆட்சிக்கு உட்பட்ட தரங்கம்பாடிக்கு நற்செய்திப் பணியாளர்களை அனுப்ப விரும்பினார். தஞ்சை நாயக்க மன்னரிடமிருந்து 1620-இல் டேனியர் பெற்ற கடற்கரை ஊர் அது. சீகன்பால்குவும் அவர் நண்பர் ஹென்றிக் புளூட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1705 நவம்பரில் கோப்பன்ஹேகனில் கப்பல் ஏறினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி ஏழு மாதங்களுக்கும் மேலாகப் பயணம் செய்து, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். பினாங்கில் பிரான்சிஸ் லைட் கால் வைத்தது 1786-இல். அதற்கு 80 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

வரவேற்க ஆள் இல்லை. வணிகம் செய்ய வந்த டேனியக் கம்பெனிக்குப் பாதிரிமார்களின் வருகை பிடிக்கவில்லை. உள்ளூர் மக்களோடு பழகினால் வியாபாரம் கெடும் என்ற அச்சம் அதற்கு. கோட்டைத் தளபதி ஹாசியுஸ் தொடக்கம் முதலே அவர்களை வெறுப்போடு நடத்தினார்.

ஊரில் ஐரோப்பியர் பேசியது பெரும்பாலும் போர்த்துகீசிய மொழி. அதை மட்டும் கற்றுக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். ஆனால், மக்கள் பேசுவது தமிழ். அவர்கள் மொழியில் பேசாவிட்டால் அவர்களோடு பேசியதாகாது என்று சீகன்பால்கு முடிவு செய்தார். தமிழ் கற்க ஐரோப்பியருக்கு உதவும் அச்சுப் புத்தகம் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. அதனால் வயதான ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரை வேண்டிக்கொண்டு, அவருடைய பள்ளியையே தம் வீட்டில் நடத்தச் செய்தார். ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதினார்கள். பல்கலைக்கழகம் சென்று வந்த 24 வயது வெள்ளைக்காரர் அவர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்களைப் பார்த்து எழுதினார்.

பல மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவரும், உள்ளூர்ப் புலவர்களும் அவருக்குத் துணை நின்றார்கள். காலையில் எழுந்ததும் சொற்களையும் தொடர்களையும் திரும்பத் திரும்பப் படிப்பார். பிறகு ஏடுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஓராண்டு முடிவதற்குள் தமிழில் பேசவும் போதிக்கவும் தொடங்கிவிட்டார்.

அவருடைய பேச்சை முதலில் கேட்டவர்கள் யார் தெரியுமா? செல்வர்களோ அதிகாரிகளோ அல்லர். டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். 1707 மே மாதம் முதன்முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் அவர்கள்தாம். விலைக்கு வாங்கப்பட்ட மனிதரை எசமானருக்குச் சமமாகக் கடவுள் முன் நிறுத்துவது அக்காலத்தில் சிறிய செயல் அன்று. அதே 1707-இல் அவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் தந்து படிக்க வைத்தார்.

1708-இல் ஒரு சோதனை வந்தது. ஓர் ஏழை விதவைக்குக் கடன் வழக்கு ஒன்றில் அநீதி நேர்ந்ததாகக் கருதி, சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசினார். ஏற்கனவே கோபத்தில் இருந்த தளபதி, வீரர்களை அனுப்பி அவரைக் கைது செய்து டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதச் சிறை. கடற்கரை வெயிலில் சின்ன அறை. எழுதுகோலும் தாளும்கூட முதலில் மறுக்கப்பட்டன. வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார். கைதுக்குச் சற்று முன் அவர் தொடங்கியிருந்த பணி, பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்ப்பது. 1711-இல் அதை முடித்தார்.

சீகன்பால்கு குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். வந்த புதிதில் நம் மக்களின் வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். தம் சமயமே உண்மை என்ற உறுதி அவரிடம் கடைசிவரை இருந்தது. ஆனால் தமிழ் ஏடுகளைப் படிக்கப் படிக்க, இந்த மக்களை அறிவும் ஒழுக்கமும் அற்றவர்களாக ஐரோப்பியர் நினைப்பது தவறு என்று உணர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பெழுதினார். நாம் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் கொன்றை வேந்தனையும், உலகநீதியையும், நீதிவெண்பாவையும் 1708-லேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தம் நாட்டாருக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூலே எழுதினார்.

அந்த நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அன்பாக அனுப்பி வைத்த பிராங்கேயே, பிற சமயத்தை அகற்றத்தான் உங்களை அனுப்பினோம், அதை இங்கே பரப்புவதற்கு அல்ல என்னும் கருத்தில் பதில் தந்தார். கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் இறந்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகியிருந்தன. நற்செய்தி சொல்ல வந்தவர் எதிரில் இருப்பவரின் செய்தியையும் காது கொடுத்துக் கேட்டார் என்பதற்கு அந்த நூல் சாட்சி.

இனி அச்சுக்கூடக் கதை. தமிழில் அச்சு நூல் 1578-லேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. ஆனால் சீகன்பால்கு வந்த காலத்தில் அந்த அச்சுப்பணி நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்துக்கொள்ள, பணம் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. கூட வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே இறந்துபோனார். இயந்திரம் 1712-இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து 1713-இல் அனுப்பினார்கள். அவை அளவில் பெரியவை. காகிதம் நிறையச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கு, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாடு தீரப் பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தார்கள்.

1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் பயணமானார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். இருவரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, தமிழ் இலக்கணம் பற்றி லத்தீன் மொழியில் எழுதிய நூல் 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது. மரியா டொரோத்தியாவை மணந்து, அதே ஆண்டில் தரங்கம்பாடிக்குத் திரும்பினார். புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி 1718 அக்டோபரில் திறந்து வைத்தார்.

கடைசி நாட்கள் துயரமானவை. கோப்பன்ஹேகனில் இருந்த நிர்வாகத்தினர், கட்டடங்களும் பள்ளிகளும் எதற்கு என்று கடிந்து கடிதங்கள் எழுதினார்கள். அந்தச் சொற்கள் நோயுற்ற அவரை மேலும் வாட்டின. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது 36. தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் நூல்வரை பெயர்த்திருந்தார். மீதியைப் பின்னால் வந்த பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். கோட்டையைப் பார்த்தேன். கம்பெனியின் கொடி இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆலயத்தில் வழிபாடு இன்றும் நடக்கிறது. கடற்கரை மணலில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பாட்டியின் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. கிருபை என்ற சொல்லுக்கு அவர் ஆயிரம் விளக்கம் சொல்லியிருக்கலாம். மணலில் அவர் உட்கார்ந்த அந்த ஒரு செயலே எனக்குப் போதும். கொடுக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொள்ளத் தெரிந்தவராக இருந்தார். எந்தச் சமயத்தாரும் அவரிடம் கற்றுக்கொள்ளக்கூடியது அது.

அந்த மாணவனின் கதைக்கு வருகிறேன். மறு வாரம் அம்மாவின் வற்புறுத்தலால் அவன் மீண்டும் வந்து வாசற்படியில் நின்றான். நான் முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தேன். மாண்டரினில் என் பெயரை எப்படி எழுதுவது என்று அவனிடம் கேட்டேன். தயங்கித் தயங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டினான். நான் பார்த்து எழுதியது கோணலாக வந்தது. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதன் பிறகு நான் அவனுக்கு அகரம் எழுதிக் காட்டினேன்.

இப்போது அவன் ஐந்தாம் படிவத்தில் தமிழ்மொழிப் பாடம் எடுத்துப் படிக்கிறான். சனிக்கிழமைகளில் வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான். பாயில் உட்கார்ந்துதான்.