பல்வங்கர் பாலு: 114 விக்கெட்டுகளும் ஒரு மண் கோப்பையும்

1911ஆம் ஆண்டுக் கோடையில் முழு இந்தியாவின் பெயரில் ஒரு கிரிக்கெட் அணி முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. பார்சிகள் ஆறு பேர், இந்துக்கள் ஐந்து பேர், முஸ்லிம்கள் மூன்று பேர் என்று மதக் கணக்குப் பார்த்துச் சேர்த்த அணி அது. தலைவர் 19 வயதே ஆன பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அந்த அணியை உண்மையில் தாங்கி நின்றவர், பூனா இந்துக்கள் தங்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க விடாத ஒரு மனிதர். அவர் பெயர் பல்வங்கர் பாலு.

கரவனெல்ல சந்தியைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களில் இன்று கிரிக்கெட் தெரியாத பிள்ளை கிடையாது. முரளியையும் சங்காவையும் பற்றிக் கேட்டால் கணக்கு ஒப்புவிப்பார்கள். பாலுவைப் பற்றி நான் கேட்டுப் பார்த்த பெரியவர்கள், பிள்ளைகள் எவருக்கும் தெரியவில்லை. தோட்டத்து மக்களாகிய நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வாழ்க்கை அது என்பதால் இதை எழுதுகிறேன்.

பாலு 1870களில் தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்யும் சமார் சாதி. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகம். தகப்பனுக்குப் பூனாவில் இராணுவத்தைச் சார்ந்த வேலை. பாலு அங்கே பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மைதானம் கூட்டவும் ஆடுகளத்தை உருட்டவும் சேர்ந்தார். சம்பளம் மாதம் மூன்று ரூபாய். 1892 அளவில் வெள்ளையர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே நான்கு ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, உருளை இழுப்பது எல்லாம் அவர் வேலை. நம் பக்கத்துத் துரைமார் கிளப்புகளில் புல் வெட்டிய, டென்னிஸ் பந்து பொறுக்கிய கைகளை நினைத்துக்கொண்டால் அந்த வேலையின் தன்மை நமக்கு உடனே புரியும்.

துரைமார் துடுப்பெடுத்துப் பழகுவதற்குப் பந்து வீச ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் பாலுவின் கைக்குப் பந்து வந்தது. இடது கையால் மெதுவாக வீசுவார். பந்து இரு பக்கமும் திரும்பும். ஜே. ஜி. கிரெய்க் என்ற வெள்ளைக்கார அதிகாரி, தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கிரெய்க் அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். அவருக்கு மணிக்கணக்காகப் பந்து வீசியதுதான் பாலு படித்த பள்ளிக்கூடம். ஆனால் பாலுவின் கையில் ஒருவரும் துடுப்பைக் கொடுக்கவில்லை.

பூனா இந்துக்களுக்கு வெள்ளையர்களை வெல்ல ஆசை. வெல்ல வைக்கக்கூடியவரோ ஒரு சமார். வாக்குவாதத்துக்குப் பிறகு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். இடைவேளை வந்தால் பாலு பந்தலுக்கு வெளியே நிற்க வேண்டும். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்குக் குடித்ததும் எறிந்துவிடும் மண் கோப்பை. சாப்பாடும் தனித் தட்டில், தனி மேசையில். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் சிரட்டையையும் போத்தலையும் நீட்டிய வழக்கத்தை எதிர்த்து 1960களில்கூடப் போராட வேண்டியிருந்தது. சாதி பார்த்து லயக் காம்பிரா பிரித்த தோட்டங்களும் நம்மிடையே இருந்தன. அந்த மண் கோப்பை நமக்கு அந்நியமான பொருளல்ல.

பூனாவில் பிளேக் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பாலு எட்டு விக்கெட்டுகளை எடுத்தார். ஆளும் இனத்தை ஆளப்படுவோர் வென்ற செய்தியாக அதை நாடே கொண்டாடியது. அதற்குள் அவருடைய தம்பி சிவராமும் அணிக்கு வந்துவிட்டார்.

பிறகுதான் 1911. இங்கிலாந்தில் மகாராஜாவுக்கு விருந்துகளும் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவும் இருந்தன. சில ஆட்டங்களோடு அவர் ஒதுங்கிக்கொண்டார். அவருடைய செயலாளராக இருந்த சிறந்த துடுப்பாட்டக்காரர் மிஸ்திரியும் அவரோடு போய்விட்டார். அணி தோல்விமேல் தோல்வி கண்டது. 23 ஆட்டங்களில் 15 தோல்வி, ஆறு வெற்றி. அதே அணியில் இருந்துகொண்டு பாலு 114 விக்கெட்டுகளை எடுத்தார்; சராசரி 19க்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் எட்டு. லெஸ்டர்ஷயரை அணி வென்ற ஆட்டத்தில் பதினொன்று. சொமர்செட்டை ஒரு விக்கெட்டால் வென்றார்கள். தங்களுக்கு ஆட வரும்படி ஆங்கிலக் கவுண்டி அணிகளே அவரை விரும்பின. அவர் ஊர் திரும்பினார்.

அந்த ஜூலை மாதத்தில்தான் கல்கத்தாவில் மோகன் பகான் வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, வெள்ளையர் படைப்பிரிவு அணியைத் தோற்கடித்துக் கேடயம் வென்றார்கள். விளையாட்டு மைதானம் அரசியல் மேடையாகிக்கொண்டிருந்த காலம் அது.

பம்பாயில் பாலுவுக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு அளித்தார்கள். அந்த வரவேற்புரையில் பங்கெடுத்த இளைஞர் பீமராவ் அம்பேத்கர். அவர் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்வுகளில் ஒன்றாக அது சொல்லப்படுகிறது. அம்பேத்கரின் தலைமுறைக்கு முதல் நாயகன் பாலுதான்.

இத்தனைக்குப் பிறகும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1913இல் தலைவராக்கப்பட்ட எம். டி. பாய் ஒரு பிராமணர். அந்தப் பதவி மூத்தவரான பாலுவுக்கே உரியது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. 1920இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கியபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள். பொதுமக்கள் கேள்வி கேட்கத் தொடங்கிய பின் பாலு உப தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். இறுதி ஆட்டத்தில் பாய் சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியேறினார். அந்தக் கொஞ்ச நேரம்தான் பாலு அணியை நடத்தினார். 1923இல் விட்டல் முழுத் தலைவராகி அணியை வெற்றிபெறச் செய்தார். அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது.

பாலுவின் பிற்கால அரசியலைப் பற்றிப் பேச நம்மில் பலருக்குச் சங்கடம். 1932இல் தனித்தொகுதி பற்றிய பிரச்சினையில் அவரும் சென்னையின் எம். சி. ராஜாவும் அம்பேத்கரை உடன்பாட்டுக்கு இசையச் செய்ய முயன்றவர்கள். பூனா ஒப்பந்தத்தில் பாலு கையொப்பமும் இட்டார். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. ஒரு காலத்தில் தன்னை வாழ்த்திய இளைஞரிடம் நாயகன் தோற்றார்.

அவரைத் துரோகி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தன் திறமையால் மேல்சாதியினரின் மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிய மனிதர் அவர். அந்த வழியை நம்பியதில் வியப்பில்லை. ஆனால் அந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் அவர் வாழ்க்கையே அளவுகோல். ஒரு சாதியில் பிறந்தவன் தன் மரியாதைக்கு நூறு விக்கெட்டுகள் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. மற்றவனுக்கு அது பிறப்பிலேயே கிடைத்தது. அம்பேத்கர் உரிமை என்று கேட்டது அந்த வித்தியாசத்தை ஒழிக்கத்தான்.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நாம் அன்றாடம் சொல்வது இதைத்தான்: நன்றாகப் படி, நன்றாக விளையாடு, எல்லாம் மாறும். சொல்ல வேண்டியதுதான். அதோடு பாலுவின் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932இல். பாலுவின் ஆட்டக்காலம் முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார். முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, சராசரி 15.21. இந்தக் கணக்கையும் நம் பிள்ளைகள் ஒப்புவிக்கட்டும்.