பாபா குறித்த கெடு

1909-இல் மும்பையில் பிறந்த ஹோமி பாபா, கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்தியது. பெங்களூரில் சி.வி. ராமனின் துறையில் பணியாற்றினார். 1948-இல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார்.

1955-இல் ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, அணுக்கரு இணைவைக் கட்டுப்படுத்தி ஆற்றல் பெறும் வழி இருபது ஆண்டுகளில் கிட்டும் என்று கணித்தார். கணிப்பு பொய்த்தது. காந்தப்புலத்தில் அடைபட்ட பிளாஸ்மாவில் எழும் குறைந்த அதிர்வெண் கொந்தளிப்புகள், வெப்பத்தை எதிர்பார்த்ததைவிட விரைவாக வெளியேற்றிவிடுகின்றன.

1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். சேலையூருக்குத் தெற்கே, கல்பாக்கத்தில் அவரது அணுப்பிளவுத் திட்டம் தொடர்கிறது. இணைவுக்கான தேடலோ, 1989-இல் காந்திநகரில் இயங்கத் தொடங்கிய ‘ஆதித்யா’ டோகாமாக்கில் கொந்தளிப்பை அளப்பதாக மாறியது. கெடு தவறியது என்பதற்காக அடிப்படை ஆய்வுக்கான முதலீட்டைக் கைவிடாதிருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.