தி.நகருக்கு பேர் தந்தவர்... வடசென்னைக்கு படிப்பு தந்தவர்!

பழைய வண்ணாரப்பேட்டை:
2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தபோது, ஒரு ஸ்டேஷனுக்கு தியாகராயா கல்லூரி என்றே பேர் வைத்தார்கள். தினமும் அதில் ஏறி இறங்குகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனிதரைத் தெரியும்?

வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராய செட்டியார் பிறந்தது 1852ல். நெசவுத் தொழில் குடும்பம். மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், கைத்தறித் துணி வியாபாரத்தில் நல்லா சம்பாதித்தார். சம்பாதித்ததை பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் நம்ம ஏரியா பசங்களுக்காக பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்.

1916ல் டி.எம்.நாயர், நடேச முதலியாரோடு சேர்ந்து நீதிக்கட்சியைத் தொடங்கினார். 1920ல் தேடி வந்த முதல் மந்திரி பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் சென்னை மாநகராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெரிய வேலை செய்தார். ஆயிரம் விளக்கு மாநகராட்சி பள்ளியில், ஒரு பிள்ளைக்கு ஒரு அணா செலவுக்கு மிகாமல் மதியச் சாப்பாடு! பசியோடு வரும் பிள்ளைக்கு பாடம் ஏறாது என்பது அவர் கணக்கு.

1925ல் செட்டியார் காலமானார். அவர் விதைத்த பள்ளி 1950ல் கல்லூரியானது. ஹார்பர், மீன்பிடி, ஃபேக்டரி கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, பஸ்சுக்கு காசு தேடாமல் பக்கத்திலேயே பி.ஏ. படிக்க வழி பிறந்தது.

பீஸ் கட்ட முடியாமல் படிப்பை விடும் பிள்ளை இன்றும் நம்ம தெருவில் இருக்கலாம். வசதி உள்ளவர்கள் ஒரு பிள்ளையின் ஒரு வருஷ பீஸை ஏற்றாலே போதும், செட்டியாருக்கு அதைவிட பெரிய மாலை வேறு இல்லை.