சமத்துவம் நாடிய சார்லஸ் சம்னர்

அமெரிக்க நாட்டில் அடிமை முறையை எதிர்த்து நின்ற சட்ட அறிஞர்களுள் சார்லஸ் சம்னர் தலைசிறந்தவர். கல்வியின் பொருட்டு அவர் ஆற்றிய தொண்டினை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சம்னர் 1811ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1834இல் வழக்கறிஞரானார். 1838இல் பாரிஸ் நகரில் விரிவுரை கேட்கச் சென்றபோது, கருப்பின மாணவர் சிலர் ஏனையோருடன் வேற்றுமையின்றிப் பழகுவதைக் கண்டார். தம் நாட்டு ஏற்றத்தாழ்வு இயற்கை வகுத்ததன்று, மனிதர் கற்பித்ததே என்று தெளிந்தார்.

பாஸ்டனில் சாரா ராபர்ட்ஸ் என்னும் கருப்பினச் சிறுமி, வெள்ளையர் பிள்ளைகள் பயின்ற ஐந்து பள்ளிகளைக் கடந்து, தன் இனத்தவர்க்கென ஒதுக்கிய பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். கருப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸுடன் இணைந்து, 1849இல் சம்னர் வாதாடினார். தனியே பிரித்த பள்ளி ஒருநாளும் சமமான பள்ளியாகாது. ஒதுக்கப்பட்ட குழந்தையோடு ஒதுக்கும் குழந்தையின் உள்ளத்தையும் அது கெடுக்கும் என்றார். இந்தியாவைச் சுட்டிக்காட்டி, அவ்வேற்றுமைக்குச் சாதி என்றே பெயரிட்டார். நம் நாட்டுக் கொடுமை கடல் கடந்த நீதிமன்றத்தில் எச்சரிக்கையாக எடுத்துரைக்கப்பட்டதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1850இல் வழக்குத் தோற்றது. ஆயினும் வில்லியம் நெல் முதலான கருப்பினப் பெருமக்கள் கிளர்ச்சியைக் கைவிடவில்லை. 1855இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டத்தால் விலக்கியது.

1851இல் செனட் உறுப்பினரான சம்னர், கான்சாஸ் பகுதியில் அடிமை முறையைப் பரப்ப முயன்றோரை 1856 மே மாதம் கடுமையாகச் சாடினார். வெகுண்ட பிரஸ்டன் புரூக்ஸ் என்னும் பிரதிநிதி, மே 22 அன்று அவையிலேயே அவரைக் கைத்தடியால் குருதி சொரிய அடித்தார். அவர் நலம்பெற்று முழுமையாகப் பணிக்குத் திரும்ப 1859 டிசம்பர் ஆயிற்று. இடையில் 1857இல், அவை செல்ல இயலாதிருந்த அவரையே மாசசூசெட்ஸ் மீண்டும் தேர்ந்தெடுத்தது.

ஊர்தி, விடுதி, பள்ளி, இடுகாடு ஆகியவற்றில் வேற்றுமை கூடாதென 1870இல் சட்ட முன்வடிவு ஒன்றைக் கொணர்ந்தார். அது நிறைவேறுமுன் 1874 மார்ச் 11 அன்று காலமானார். மரணப் படுக்கையிலும் அதனைக் காக்குமாறே நண்பர்களை வேண்டினார். பள்ளியும் இடுகாடும் நீக்கப்பெற்று 1875இல் அது சட்டமாயிற்று. 1883இல் உச்ச நீதிமன்றம் அதன் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதனவாக்கியது. பிரித்த பள்ளி சமமன்று என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல்தான். சம்னர் வாதாடி 105 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இளைஞர்களே! சாராவின் தந்தை அச்சுத் தொழில் செய்தவர். சம்னரின் வாதத்தை அவரே சிறுநூலாக அச்சிட்டு வெளியிட்டார். நீதிமன்றம் தள்ளிய வாதம் தாளில் நிலைபெற்றது. சட்டமறிந்த ஒருவரும் எழுத்தறிந்த தந்தை ஒருவரும் இணைந்து காத்த செல்வம் அது. சட்டமும் எழுத்தும் நம் வீடுதோறும் நுழையும் பொருட்டே நாம் கல்விப்பணி ஆற்றுகின்றோம். நன்கு கற்பீர், கற்றதைப் பிறர்க்கும் உரியதாக்குவீர்.