வெயிலில் ஒரு தட்டு, இருட்டில் ஒரு தட்டு

எங்க ஊர் ஆத்தூர். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளி மாவைக் களத்தில் பரப்பிக் காயவைப்பாங்க. வெயிலுக்கு அதுதான் வேலைன்னு நானும் நினைச்சிருந்தேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காகப் படிக்கும்போதுதான் நீல் ரத்தன் தர் பற்றித் தெரிஞ்சுது.

தர் 1892ல் ஜெசோரில் (இன்றைய வங்கதேசம்) பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயிடம் படித்தார். லண்டனிலும் பாரீஸிலும் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, 1919ல் அலகாபாத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஒளி வேதியியலும், உலோக ஹைட்ராக்சைடு கூழ்மங்களும் ஜெல்களும்தான் அவருடைய களம். இந்தியாவில் இயற்பிய வேதியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர்.

1930களில் அவர் பார்வை மண் மேல் திரும்புச்சு. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, சாணம் மாதிரி கரிமப் பொருளை மண்ணோடு கலந்து, ஒரு பங்கை வெயிலிலும் ஒரு பங்கை இருட்டிலும் வைத்தார். வெயில் பட்ட மண்ணில் நைட்ரஜன் கூடுதலாக ஏறியது. கிருமி நீக்கிய மண்ணிலும் அது நடந்ததாக அறிவித்தார். அப்படின்னா பாக்டீரியா மட்டும் காரணமில்லை, ஒளிக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். பலர் நம்பவில்லை. அவர் விடவும் இல்லை. 1935ல் சொந்தக் காசைப் போட்டு மண் ஆய்வு நிலையமே தொடங்கினார். இன்று அது அவர் மனைவி ஷீலா தர் பெயரில் இருக்கு.

ஒளி மண்ணில் அப்படி என்னதான் செய்யும்? டைட்டானியம் டை ஆக்சைடு ஜெல்லை எடுத்துக்கோங்க. புற ஊதா ஒளி பட்டா எலக்ட்ரான் ஒன்று மேலே தாவும். அது இருந்த இடத்தில் துளை விழும். சும்மா விட்டா ரெண்டும் மறுபடி சேர்ந்துடும். பக்கத்தில் ஆல்கஹால் இருந்தா, அது துளையை நிரப்பிடும். எலக்ட்ரான் ஆக்சைடிலேயே தங்கிடும், ஜெல் நீலமாகும். காற்று பட்டா ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கும், நீலம் மறையும். மண்ணிலும் ஆக்சைடுகள் உண்டு. ஆல்கஹாலின் வேலையை அங்கே சாணமும் பாகும் செய்யலாம்.

1977ல் ஷ்ரவுசர், குத் என்ற இருவர், இரும்பு கலந்த டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பட்டு நைட்ரஜன் அம்மோனியாவாகிறது என்று வெளியிட்டார்கள். தருக்கு அப்போ வயசு 85. 1986ல் அவர் காலமானார். சர்ச்சை இன்னும் தீரலை; கிடைக்கும் அம்மோனியா ரொம்பக் கொஞ்சம், அது வெளியிலிருந்து கலந்த அழுக்கா என்றுகூட சந்தேகப்படுறாங்க.

என் ஜெல் முதல்முறை நீலமானப்போ ஃபோட்டோ எடுத்து குரூப்பில் போட்டுட்டேன். இருட்டில் ஒன்று வைக்கணும்னு தோணவே இல்லை. அடுத்த வாரம் முழுக்க மறுபடி செய்தேன். நீங்க உங்க ப்ராஜெக்ட்டில் இருட்டுத் தட்டு வெச்சிருக்கீங்களா? இல்லைன்னா ரிவ்யூவுக்கு முன்னாடி இன்னைக்கே ஒன்று வெச்சிடுங்க.